கிளட்ச்சை மிதித்தபடி ஆறு வருடம்

"வண்டி ஸ்டார்ட்லதான் இருக்கு மேடம். ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தமும் வருது. கியர் மட்டும் விழ மாட்டேங்குது."

2024 நவம்பர் முதல் வாரத்தில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த 36 வயதுக்காரர் தன் நிலையை இப்படித்தான் சொன்னார். மனக்கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு அவர் வரவில்லை. எட்டு மாதமாக வயிற்றெரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, அதன்பின் தூக்கம் கிடையாது. தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்ததில் குடலில் கோளாறு எதுவுமில்லை. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தன. அவரைப் பார்த்த பொதுமருத்துவர் ஒரு சீட்டில் மனநல ஆலோசனை தரும் என் பெயரை எழுதிக் கொடுத்து, "இவங்கள ஒருதடவ பாத்துட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். நம் பக்கத்து ஆண்களிடம் மனம் பெரும்பாலும் வயிற்றின் வழியாகத்தான் பேசும். அந்த மருத்துவர் அதைக் கேட்கத் தெரிந்தவர்.

இந்த ஆய்வை அவரும் குடும்பத்தாரும் படித்துச் சம்மதம் தந்த பிறகே வெளியிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஸ்ரீபெரும்புதூரில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை. 2011-இல் சிங்கப்பூர், கப்பல் பட்டறை. ஏழு வருடம் அங்கே இருந்தார். அந்தச் சம்பளத்தில் தங்கை கல்யாணம் நடந்தது. ஓட்டுவீடு மெத்தைவீடானது. மேலே இன்னொரு தளம் எழுப்புவதற்காக விட்ட கம்பிகள் இன்றைக்கும் மொட்டைமாடியில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கம்பிகள் புதிதல்ல.

குடும்பத்துக்கு எட்டு மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், அந்தக் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதோடு திடலில் நாற்பது தென்னை. அண்ணன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். மனைவி பி.எட். படித்தவர், தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். ஒரே மகள், ஆறு வயது.

மகள் பிறந்ததைப் பார்க்க 2018 அக்டோபரில் ஒரு மாத விடுப்பில் வந்தார். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. நாற்பது தென்னையில் முப்பத்தொன்று சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே இரண்டு மாதம் பிடித்தது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்க, கூரையைச் சரிசெய்ய, அப்பாவோடு கூட நிற்க என்று நாள் ஓடி, பெர்மிட் காலாவதியாகிவிட்டது. அடுத்த வருடம் மறுபடி போகலாம் என்றிருந்தார். 2020-இல் கொரோனா வந்தது.

நான் குறித்து வைத்துக்கொண்ட வரி இதுதான்: "நான் தங்கணும்னு முடிவு பண்ணலை மேடம். போகாம இருந்தேன், அவ்வளவுதான்."

ஆறு வருடமும் முடிவு எடுக்காமலே வாழப்பட்ட வருடங்கள். தங்குவதென்று ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்தவர் அந்த முடிவோடு சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம். போகாமல் இருந்தவருக்கு அதற்கும் வழியில்லை. மூட்டை கட்டியபடியே ஆறு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போன்ற நிலை அது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் அவருக்கு 27-க்கு 11 வந்தது. நடுத்தர அளவு. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. படிவத்தில் 'இல்லை' என்று குறித்திருந்தார். ஆனாலும் வாயால் கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது தவறு. நேராகக் கேட்பது பாரத்தைக் குறைக்கிறது.

"சாகணும்னு இல்லை மேடம். ஒருநா காலைல எந்திரிக்காமலே போயிட்டா யாருக்கும் பெருசா கேடு இல்லைன்னு மட்டும் தோணியிருக்கு."

திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் விவசாய வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கண நேரத் தடுமாற்றம் உயிரிழப்பாக முடிவதற்கு அந்த ஒரு காரணமே போதும். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பெட்டி வைத்துப் பூட்டும் முறையை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்ததும் இதற்காகத்தான். இந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. அன்றே மனைவியிடம் சொல்லி, அவற்றைப் பக்கத்துக்காரர் கொட்டகையில் பூட்டி வைக்கச் செய்தேன். இரவு எந்நேரமும் பேசக்கூடிய 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை இருவர் போனிலும் பதிந்து கொடுத்தேன். மருந்து வேண்டுமா என்று மனநல மருத்துவரிடமும் காட்டினோம். இப்போதைக்கு வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார்.

ஊர் வைத்திருந்த விளக்கங்கள்

என்னிடம் வருமுன்பே அவருக்கு மூன்று விளக்கங்கள் கிடைத்திருந்தன. அண்ணன் சொன்னது சோம்பேறித்தனம். டீக்கடை நண்பர்கள் சொன்னது நாட்டு நிலைமை. அம்மா சொன்னது ஏழரைச் சனி. திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் குளித்து எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்.

அம்மாவின் விளக்கத்தை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் மூன்றில் அதுதான் அவர்மேல் குற்றம் சுமத்தாத விளக்கம். துன்பத்துக்கு ஒரு முடிவுநாள் உண்டு என்கிறது. அந்த ஆறுதல் சாதாரணமானதில்லை. கூடவே ஒன்றும் நடந்துவிட்டது. முடிவுநாள் என்று ஒன்று இருந்தால், அதுவரை காத்திருப்பதே நியாயம் என்று ஆகிவிடும். "சனி விலகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னுட்டேன்" என்றார்.

சோம்பேறித்தனம் என்பது சுத்தமாகப் பொருந்தவில்லை. அப்பா சொல்கிற வேலை அத்தனையையும் செய்கிறார். நாற்று கட்டு தூக்குகிறார், உரமூட்டை இறக்குகிறார், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு இரண்டு ராத்திரி அங்கேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். தானாக ஒரு வேலையைத் தொடங்குவது மட்டும் இல்லை. சோம்பேறிக்கு இத்தனை களைப்பும் வராது.

நான் செய்த தவறு

இரண்டாவது சந்திப்பிலேயே ஒரு தாளைக் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள், அதற்கு இந்த மாதம் என்ன செய்யலாம் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிற தாள்தான். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் மூன்று வாரம் வரவில்லை. துவைக்கப் போட்ட சட்டையில் அந்தத் தாள் கூழாகிக் கிடந்தது என்று மனைவிதான் போனில் சொன்னார்.

நகர முடியாமல் தவிப்பவரிடம் போய், எங்கே போகப் போகிறாய் என்று கேட்டிருக்கிறேன். எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்த நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் இளம் சம்பா பயிர்கள் பல நாள் தண்ணீரில் நின்றன. அவர்கள் வயலும் மூழ்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் அவர் பையில் கிடந்தது என்னுடைய ஐந்தாண்டுத் திட்டம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிராமத்துக்குப் போனேன். அப்பா மண்வெட்டியோடு வயலில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். மகன் வரப்பில் நின்றார். அப்பா "அந்தக் கடைசிய எடுத்துவிடுப்பா" என்றதும் இறங்கி எடுத்துவிட்டார், மறுபடி ஏறி நின்றார். எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது, அப்பா சொல்லுமுன்பே அவர் பார்வை அங்கேதான் இருந்தது. கொட்டகையில் பழைய ஆயில் இஞ்சின் ஒன்று சாக்குமூடிக் கிடந்தது. கஜாவுக்கு அப்புறம் ஓடவில்லை, ஜாம் ஆகிவிட்டது என்றார்கள். இஞ்சின் மெக்கானிக் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆறு வருடமாக ஓர் இஞ்சின் சாக்குக்கடியில் கிடந்தது.

பன்னிரண்டு கட்டங்கள்

அடுத்த சந்திப்பில் வேறொரு தாள் போட்டோம். பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு மாதமும் ஏன் எதையும் தொடங்க முடியவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

சித்திரையில் கல்யாணங்கள், மொய் செய்தே கை காலியாகிவிடும். வைகாசியில் தண்ணி திறக்கட்டும் என்று காத்திருப்பது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, அதை வைத்துத்தான் குறுவை. ஆனியில் தண்ணீர் வந்தால் நாற்றங்கால், வராவிட்டால் கவலை. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், அந்த வருடம் இவர்கள் குறுவையே போடவில்லை. ஆடியில் புதிதாக எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். தை அறுவடை, அதற்கு முன்பே உளுந்து தெளித்துவிட வேண்டும். மாசியில் நெல் பணம் வரும், வந்த வேகத்தில் கூட்டுறவுச் சங்கத்து நகைக்கும் குழு லோனுக்கும் போய்விடும். பங்குனியில் உளுந்து பிடுங்குவது, மன்னார்குடியில் பதினெட்டு நாள் திருவிழா, வீடு நிறைய சொந்தக்காரர்கள்.

எழுதி முடித்துவிட்டு இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதிலே பொய்க்காரணம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அத்தனையும் உண்மை. டெல்டாவின் ஆண்டு இப்படித்தான் சுற்றுகிறது. வெளியூர் அலுவலகத்தில் ஒருவர் வேலையைத் தள்ளிப்போட்டால் சாக்கு தேட வேண்டியிருக்கும். இங்கே மாதமே காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும். அதனால் தள்ளிப்போடுகிறோம் என்ற உணர்வே வராது. ஒவ்வொரு தடவையும் இரண்டே மாதம்தான், ஆனால் இரண்டிரண்டு மாதமாக ஆறு வருடம்.

"எழுதிப் பாக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது" என்றார். தாளை இந்தமுறை மடிக்காமல் எடுத்துப் போனார்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை பிரபலமானது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் தப்பிக்க முயலாமல் படுத்துவிட்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளைப் பார்த்த பிறகு அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் அசையாமல் கிடப்பது உடம்பின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது, 'நான் செய்தால் ஏதாவது மாறும்' என்பதைத்தான்.

இதை எங்கள் மண்ணில் வைத்துப் பார்க்கிறேன். 2012 தொடங்கி 2019 வரை தொடர்ந்து எட்டு வருடம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2020-இல்தான் மறுபடி அந்தத் தேதியில் திறந்தது. இடையில் 2016-17 வறட்சி. பின் கஜா. எப்போது விதைப்பது என்பதைக் கர்நாடகத்து மழையும் நீதிமன்றமும் முடிவு செய்கின்றன. எப்போது விற்பது என்பதைக் கொள்முதல் நிலையத்து ஈரப்பதமானி முடிவு செய்கிறது, பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை மறுபடி காயவைக்க வேண்டும். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் இத்தனை கைகள் இருந்தால், 'செஞ்சாலும் ஒண்ணுதான், செய்யாட்டியும் ஒண்ணுதான்' என்ற பாடம் மனசில் தானாக ஊறும். அதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்ததை வைத்து மனம் போட்ட கணக்கு அது.

இன்னொரு ஆய்வு நம் வாசலிலேயே நடந்தது. 2013-இல் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும் அறுவடைக்குப் பின் பணம் வந்தபோதும் யோசனைத்திறன் தேர்வுகளுக்கு உட்படுத்தினார்கள். அதே ஆட்கள்தான், பணம் வருமுன் குறைவாகவும் வந்தபின் கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார்கள். பணநெருக்கடி அறிவின் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். விளைவு எவ்வளவு பெரிது என்பதில் பிறகு விவாதங்கள் எழுந்தன. ஆனால் மார்கழி மாதத்தில் கடன்காரர் போனை எடுக்கப் பயப்படும் ஒருவரிடம் வாழ்க்கை முடிவு கேட்கக் கூடாது என்பதை எனக்கு இது உறுதியாக்கியது. பெரிய முடிவுகளைப் பற்றிய பேச்சை மாசிக்கு ஒத்திவைத்தேன். இந்த ஒத்திவைப்புக்கு மட்டும் தேதி குறித்தோம்.

இஞ்சின்

அதுவரைக்கும் செய்தது ஒன்றுதான். மனம் சரியானபின் வேலை செய்வது என்பதை விட்டுவிட்டு, வேலையை முன்னால் வைத்து மனதைப் பின்னால் வரவிடுவது. நிபந்தனைகள் இரண்டு: அப்பா சொல்லாத வேலையாக இருக்க வேண்டும், பலன் அன்றன்றைக்கே கண்ணில் தெரிய வேண்டும். முதலில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது. பிறகு மாலையில் மதகுக்கட்டையில் உட்காரும் நேரத்தைப் பாதியாக்கியது. அங்கே கூடுகிற ஐந்தாறு பேரும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள். பேச்சு ஆறுதலாகத்தான் தொடங்கும், ஆனால் ஒரே நினைப்பை ஐந்து பேரும் சேர்ந்து அசைபோட்டு முடிக்கும்போது எல்லோருக்கும் நெஞ்சு கனத்திருக்கும்.

மூன்றாவதாக இஞ்சின். அதை நான் சொல்லவில்லை, அவரே எடுத்தார். தை முதல் வாரத்தில் சாக்கை விலக்கினார். பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, இரண்டு நாள் தட்டித் தட்டி இளக்கி, ரிங் வாங்க மன்னார்குடிக்கு இரண்டு நடை போய், நாலாம் நாள் சாயங்காலம் கைப்பிடி போட்டுச் சுற்றியபோது புகை கக்கிக்கொண்டு ஓடியது. சத்தம் கேட்டு அப்பா கொட்டகைக்கு வந்து நின்றாராம். ஒன்றும் பேசவில்லையாம். அந்த இஞ்சினால் இன்று பெரிய உபயோகமில்லை, மின்மோட்டார் இருக்கிறது. ஆனாலும் அந்த வாரம் மூன்று நாள் விடியும்வரை தூங்கினார்.

மாசியில் அப்பா வந்தார்

2025 மாசியில் நெல் பணம் வங்கிக்கு வந்து ஒரு வாரம் கழித்து, குறித்த தேதியில் அப்பாவும் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, இந்த முட்டி வலியோட இன்னும் எத்தனை போகம் எறங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்காக எறங்கலைம்மா. இவன் பொட்டியத் தூக்கிட்டு வந்து நின்னான், தோப்பு போச்சு. நெலத்தையும் குத்தகைக்கு விட்டுட்டேன்னா இவன் எதுக்கு ஊர்ல இருக்கான்னு நாலு பேரு கேப்பானுங்கள்ல? விவசாயம் பாக்குறான்னு இவனுக்கு ஒரு பேரு வேணும். அதுக்காகத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

மகன் தலையைத் தூக்கினார். "நான் போயிட்டா நீங்க ஒத்தையாக் கெடந்து சாவீங்கன்னுதாம்ப்பா நான் நின்னேன். எனக்காக நீங்க வயல்ல எறங்குறீங்கன்னு நான் எங்க கண்டேன்?"

அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். மகனுக்காக அப்பா நிலத்தை விடவில்லை. அப்பாவுக்காக மகன் ஊரை விடவில்லை. ஆறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இதைப் பேசிக்கொண்டதில்லை. நம் வீடுகளில் அப்பாவும் மகனும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், உரவிலையைப் பற்றிப் பேசுவார்கள். உனக்காகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல அங்கே இடமில்லை.

அடுத்தமுறை தனியாக வந்தபோது அவரே சொன்னார்: "கியர் விழாம இல்லை மேடம். நான்தான் கிளட்ச்ச அமுக்கிப் புடிச்சிருக்கேன். கால எடுத்தா வண்டி அப்பா மேல ஏறிடும்னு பயம்."

இந்த நிகழ்விலிருந்து நான் கற்றது அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அவர் நின்றுபோகவில்லை, ஒரு காரியத்துக்காக நின்றுகொண்டிருந்தார். முடிவு எடுக்காதவரை வீட்டில் யாருக்கும் காயமில்லை. அப்பாவிடம் 'உன் விவசாயம் முடிந்தது' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனிடம் பங்கைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சமாதானத்தைத் தன் காலாலேயே அழுத்திப் பிடித்திருந்தார். வயிறு எரிந்ததும் மூன்று மணிக்கு விழிப்பு வந்ததும் அந்தக் கால் வலியால்தான் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவருக்கு 'முயற்சி செய்' என்று சொல்வது ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கச் சொல்வதற்குச் சமம். அவர் நின்றுகொண்டு யாரைக் காப்பாற்றுகிறார் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு நடந்தவை

உண்மை வெளிவந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்பா இரண்டு வாரம் மகனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. "என்னையப் பாரமா நெனச்சிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லி வருந்தியிருக்கிறார். அந்த வருத்தம் நியாயமானது. மறுபடி இரண்டு தடவை அவரை மட்டும் வைத்துப் பேசினேன். பெரும்பாலும் அவருடைய அப்பாவைப் பற்றித்தான் பேசினார்.

சித்திரையில் ஐந்து மாவைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டார்கள், மூன்று மாவை அப்பா வைத்துக்கொண்டார். குத்தகை வாய்ப்பேச்சுதான். 1955-ஆம் வருடத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த நாளிலிருந்து, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் சிறு நில உடைமையாளர்களிடம் இருக்கிறது. எழுதாமல் விட்டதால் அந்தக் குத்தகைக்காரருக்கு நிவாரணமோ காப்பீடோ தன் பேரில் கிடைப்பது கடினம். அவர் வீட்டில் இது எப்படிப்பட்ட முடக்கமாக வெளிப்படும் என்று நான் யோசிக்காமல் இல்லை.

கோடையில், கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒருவரின் கொட்டகையில் ஒரு பெல்ட் வண்டியைப் பிரித்து மாட்டும் வேலைக்கு இவரைக் கூப்பிட்டார்கள். ஈரவயலில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான் ஓடும். சீசனில் சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் இங்கே வருகின்றன. நடுவயலில் நின்றுபோனால் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதில்லை. நிரந்தரமாக வரச் சொன்னார்கள். ஆடி பிறந்திருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். சனி முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மாதான், "பதினெட்டாம் பெருக்குல கைய வையி, பெருகும்" என்றார். ஆகஸ்ட் 3 அன்று வேலையில் சேர்ந்தார். பன்னிரண்டு கட்டத் தாளில் ஆடிக்கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

படிவத்தில் மதிப்பெண் மாசியில் 8, ஆனியில் 5. புரட்டாசியில் மறுபடி 9. குத்தகை விஷயம் தெரிந்து அண்ணன் போனில் கத்தியிருக்கிறார், பங்குப் பேச்சு கிளம்பிவிட்டது. அது முடியவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் வருமானத்துக்கு என்ன செய்வது என்பதும் முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இவர் நகர்ந்தது ஒரு டிப்ளமோவும் எட்டு மா நிலமும் இருந்ததால். இதே கிராமத்தின் தெற்குத் தெருவில், இந்த இயந்திரங்கள் வந்ததால் அறுப்பு வேலை போய், நூறு நாள் வேலை அட்டையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்கள் முடங்கியிருப்பது மனதின் முடிச்சால் அல்ல. அவர்களுக்கு வேண்டியது வேலையும் கூலியும். அதை ஆலோசனை அறைக்குள் இழுத்துவந்து மனப்பிரச்சினை என்று பெயர் வைத்தால் அது அநியாயம்.

இன்னொரு பிழையும் என் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்க்கும்போது தெரிந்தது. ஏழு மாதம் இவருடைய மனைவியிடம் நான் கேட்டதெல்லாம் இவரைப் பற்றித்தான். தூங்கினாரா, சாப்பிட்டாரா, மருந்து பாட்டில் எங்கே. அவர் 2017-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர் என்பதே ஆனி மாதம்தான் தெரியும். தேறியவர்களும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்தது. அந்த வருடம்தான் குழந்தை பிறந்தது, புயல் அடித்தது, கணவர் திரும்பி வந்தார். புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றியதோடு சரி. அவர் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டாரா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அக்டோபரில் இருவரும் வந்தார்கள். அண்ணனோடு எப்போது நேரில் உட்கார்ந்து பேசுவது என்று கேட்டேன். "சம்பா நடவு முடியட்டும் மேடம்" என்று வாயெடுத்தவர், தானே நிறுத்திக்கொண்டு போனை எடுத்து நாள்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். தீபாவளிக்கு அண்ணன் வரும் நாள். எழுதிக்கொண்டேன். அவர் எழுந்து வண்டியை எடுக்க வெளியே போனார்.

மனைவி கதவருகே நின்றார்.

"மேடம், எனக்குத் தனியா ஒருநா வரலாமா?"

எந்தக் கிழமை தோதுப்படும் என்று கேட்டேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள்தான், மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்றார்.